கொப்பரைக் களத்துக்குக் கேட்ட வானிலை அறிக்கை

சில வருடங்களுக்கு முன்பு, ஆயுத பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நேரத்தில் நடந்தது இது. காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். அவிநாசியிலிருந்து பஸ் மாறி பஸ் ஏறிப் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். ஆனாலும் எட்டாம் வகுப்புக்கு வானிலைப் பாடம் வரும்போது எனக்குத் தனி உற்சாகம் வந்துவிடும். தலைக்கு மேலே வானம் இருக்கும்போது புத்தகத்தில் இருக்கிற மேகப் படத்தைக் காட்டிப் பாடம் நடத்துவானேன் என்று நினைக்கிற ரகம் நான்.

பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்தேன். பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி மழைமானி செய்தார்கள். ஊறுகாய் பாட்டில் வாயில் பலூனை இழுத்துக் கட்டி, அதன்மேல் ஒரு ஸ்ட்ராவை ஒட்டிக் காற்றழுத்தமானி என்றார்கள். தினமும் காலையில் இதையெல்லாம் பார்த்து, என் போனில் வருகிற வானிலைப் படத்தையும் பார்த்து, குழுவில் ஒருவர் பிரேயரில் மைக் பிடித்து அறிக்கை வாசிக்க வேண்டும். முதல் நாளே ஒருத்தன் டி.வி.யில் கேட்டதை அப்படியே பிடித்துக்கொண்டு, மீனவர்கள் கடலுக்குள் செல்ல வேண்டாம் என்று எச்சரித்துவிட்டான். காங்கேயத்திலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கடலைப் பார்க்க அரை நாளாவது ஆகும். தலைமையாசிரியர் கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

எங்கள் பள்ளியின் தாழ்வான சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கொப்பரைக் களம் இருக்கிறது. தேங்காயை உடைத்து வரிசை வரிசையாக வெயிலில் பரப்பியிருப்பார்கள். ஒரு மழை நனைத்தால் போதும், பூசணம் பிடித்துக் கறுத்துவிடும். பிறகு அதை வாங்குவோர் இல்லை. எங்கள் ஸ்பீக்கர் அந்தப் பக்கம் பார்த்துத்தான் கட்டியிருந்தது. நாங்கள் ஏதோ பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி என்று நினைத்துக்கொண்டிருக்க, களத்துப் பெண்கள் அந்த அறிக்கையைத் தங்களுக்கே சொல்வதாக எடுத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள்.

அந்தக் களத்தில் வேலை பார்த்த ஒரு அம்மாவின் மகள் என் வகுப்பில் படித்தாள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் மைக்கைக் கையில் கொடுத்தால் குரல் கணீரென்று வரும். அவள் முறை வந்த அன்று, இன்று இடியுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு என்று அழகாக வாசித்தாள். எனக்கு அப்படியொரு பெருமை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அம்மாவுக்கு அதைவிடப் பெருமை. என் புள்ள சொல்லுது, மூடிப்போடலாம் என்று மற்ற பெண்களையும் சேர்த்துக்கொண்டு, பரப்பியிருந்ததையெல்லாம் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்.

அன்றைக்குப் பார்த்து வெயில் மண்டையைப் பிளந்தது. மதியம் களத்துக்காரர் வந்து பார்த்தபோது, குவித்து மூடிய தேங்காய் உள்ளே வேர்த்து வழுவழுவென்று ஆகியிருந்தது. ஒரு நாள் வெயிலில் காய்வது வீணானதோடு, இருந்ததும் கெட்டுப்போகிற நிலைமை. எல்லார் முன்னாலும் அந்த அம்மாவைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு தடவை பள்ளிக்கூடத்துப் பேச்சைக் கேட்டு இப்படிச் செய்தால் வேறு களம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார். அந்தக் கூலியில்தான் அந்தக் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் அந்த அம்மாவின் மகள் அழுது முகம் வீங்கி வகுப்புக்கு வந்தாள். என்னடா கண்ணு என்று கேட்டதும் உடைந்துவிட்டாள்.

"எங்கம்மாள எல்லாரு முன்னாடியும் பேசிப்போட்டாங்க டீச்சர். இனிமேல் நான் மைக்குல சொல்லமாட்டேன்."

சாயங்காலம் களத்துக்குப் போனேன். தவறு பிள்ளை மேலும் இல்லை, அந்த அம்மா மேலும் இல்லை, வாய்ப்பு என்றால் வரலாம், வராமலும் போகலாம் என்று களத்துக்காரருக்கு விளக்கினேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, மரியாதையாகக் கேட்டார்.

"ஏனுங்க டீச்சர், வரும்னும் சொல்றீங்க, வராதுன்னும் சொல்றீங்க. அப்ப நாங்க மூடறதுங்களா, காயப்போடறதுங்களா?"

மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வகுப்பில் காசைச் சுண்டிக் காட்டிப் பார்த்தேன். பூ விழுமா தலை விழுமா என்று வாய்ப்பை விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள், அவளும் ஆட்டினாள். ஆனால் அதற்குப் பிறகு எல்லாக் குழுப் பிள்ளைகளுமே புத்திசாலிகளாகிவிட்டார்கள். வானம் எப்படி இருந்தாலும் மழைக்கு வாய்ப்பு குறைவு என்று வாசித்துவிட்டு இறங்கிவிடுவார்கள். பயத்தை நான்தான் சொல்லிக்கொடுத்துவிட்டேனோ என்று எனக்கு மனசே சரியில்லை.

மறுபடி அவள் குழுவின் முறை வந்தது. மற்ற பிள்ளைகளெல்லாம் நழுவிவிட்டார்கள், நீயே வாசி என்று இவளைத் தள்ளிவிட்டார்கள். அன்று காலையிலிருந்தே புழுக்கம் தாங்கவில்லை. கிழக்கே மேகம் கட்டியிருந்தது. பலூன் மேலே உப்பி, ஸ்ட்ராவின் நுனி கீழே இறங்கியிருந்தது; காற்றழுத்தம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். அதைக் கவனித்து என்னிடம் காட்டியதே அவள்தான். காட்டிவிட்டு, என்ன டீச்சர் சொல்றது என்று கேட்டாள். நீ பார்த்ததைச் சொல் என்றேன்.

மைக் முன்னால் போய் நின்றாள். வணக்கம் என்றாள். அதற்கு மேல் வரவில்லை. உதடு அசைகிறது, சத்தம் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தேங்காய் பரப்பிக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நிமிர்ந்து நின்றார்கள். களத்துக்காரர் வண்டியில் உட்கார்ந்தபடி இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குழந்தைக்கு எவ்வளவு பெரிய பாரம் பாருங்கள். மழை என்றால் அம்மா வேலை போய்விடுமோ என்ற பயம். மழை இல்லை என்றால் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும். பாவம், அவள் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. ஓடிப்போய் மைக்கை வாங்கி நானே வாசித்துவிடலாமா என்று காலைத் தூக்கிவிட்டேன்.

அதற்குள் சுவரோரமாக அவள் அம்மா வந்துவிட்டார். தலையில் கட்டிய துண்டோடு எட்டிப் பார்த்து, இத்தனை பேர் கேட்கிறார்களே என்ற கூச்சமே இல்லாமல் குரல் கொடுத்தார்.

"சொல்லு கண்ணு. உனக்கு என்ன படுதோ அதையே சொல்லு. தப்பாப் போனா போயிட்டுப் போவுது. தார்ப்பாயப் பக்கத்துலயே விரிச்சு வெச்சுக்கறோம். வந்தா மூடிக்கறோம், வராட்டி காயட்டும். அம்மா இங்கதான் நிக்கறேன்."

முதலாளி அங்கே வண்டியில் உட்கார்ந்திருக்கிறார் என்று அந்த அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் சொன்னார்.

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மதியத்துக்கு மேல் மழைக்கு வாய்ப்பு உண்டு என்று வாசித்தாள். பிறகு எங்கள் தாளில் இல்லாத ஒரு வரியைத் தானாகச் சேர்த்தாள். வராமலும் போகலாம், ஆனாலும் கவனமாக இருங்கள் என்றாள். டி.வி.யில்கூட இவ்வளவு கரிசனமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. களத்தில் பெண்கள் யாரும் தேங்காயைக் குவிக்கவில்லை. தார்ப்பாயை மட்டும் இழுத்து வந்து வரிசைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்கள். களத்துக்காரரும் இறங்கி வந்து ஒரு முனையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

அன்றைக்கு மழை வந்ததா என்றுதானே கேட்கிறீர்கள்? வரவில்லை. கட்டியிருந்த மேகம் மூன்று மணி சுமாருக்குத் தாராபுரம் பக்கமாக நகர்ந்து போய்விட்டது. கடைசிப் பீரியட் முழுக்க அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பாடம் நடத்துகிற மாதிரி அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளி விட்டதும் வாசலில் களத்துக்காரர் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றிருந்தார். அவள் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவர் குனிந்து அவளைத் தேடிப் பார்த்தார்.

"மழை வரல அம்மணி. நல்லாக் காஞ்சுபோச்சு. நாளைக்கும் நீயே சொல்லீரு, உன்ற குரலு அங்க வரைக்கும் நல்லாக் கேக்குது."

சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அவள் முதலில் நம்பவில்லை. அப்புறம் சிரித்தாள் பாருங்கள், அப்படியொரு சிரிப்பு. பையைத் தூக்கிக்கொண்டு அம்மாவைப் பார்க்கக் களத்துக்கே ஓடினாள். நான் பஸ்ஸில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவர்கள் பார்ப்பார்களே என்றுகூட நினைக்காமல் அழுதேன்.

இப்போதும் அந்தப் பாடத்தை நடத்துகிறேன். வாய்ப்பு என்ற சொல் வந்தால் காசைச் சுண்டுவதில்லை, இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். அதோடு இன்னொரு பழக்கமும் வந்துவிட்டது. பதில் தெரிந்தும் தப்பாகிவிடுமோ என்று ஒரு பிள்ளை எழுந்து தயங்கி நின்றால், முன்பு போல அவசரப்படுத்துவதில்லை, பேசாமல் போய் அதன் பக்கத்தில் நின்றுகொள்கிறேன்.