எனக்கும் கை தூக்க வரல

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, தம்பியின் வலது கையைப் பார்த்துப் பொறாமைப்பட்ட அளவுக்கு வேறெதற்கும் பட்டதில்லை.

தம்பி வயிற்றிலேயே பெரிதாக வளர்ந்துவிட்ட குழந்தை. பிறக்கும்போது தோள் சிக்கிக்கொண்டதில், கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் அறுந்துவிட்டன. கை துணிபோலத் தொங்கியது. கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்தக் கையைத்தான் முதலில் எடுத்து முத்தமிட்டார்கள். பெம்பர்ஸ் மாற்றும்போதெல்லாம் அம்மா அதை மெதுவாகத் தூக்கிப் பிடித்து, ஒன்றிலிருந்து பத்துவரை பாட்டாக எண்ணுவார். எனக்கு நூறுவரை எண்ணத் தெரியும். யாரும் கேட்கவில்லை.

மாதங்கள் போயும் தோள் அசையாததால், கோலாலம்பூரில் அறுவை சிகிச்சை செய்தார்கள். பக்கத்தில் நன்றாக வேலை செய்யும் நரம்பிலிருந்து ஒரு கிளையை வெட்டி, செயலிழந்த நரம்போடு இணைத்தார்களாம். அந்த வாரம் முழுக்க நான் பிரிக்பீல்ட்ஸில் சித்தி வீட்டில் கிடந்தேன். தம்பி திரும்பி வந்தபோது கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கட்டின்மேல் மஞ்சள் கரடிப் படம் வேறு. எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் காலை, இடது கையால் பால் குவளையை எடுத்தேன்.

“வலது கைக்கு என்னாச்சு?” என்றார் அம்மா.

“தூக்க வரலம்மா.”

அம்மாவின் முகம் வெளுத்தது. தம்பியைத் தொட்டிலில் போட்டுவிட்டு ஓடிவந்து, விரல், மணிக்கட்டு, முழங்கை என்று அழுத்திப் பார்த்தார்.

“எப்பலேர்ந்து? கீழ விழுந்தியா? ஏன் சொல்லல?”

தம்பி பிறந்த பிறகு முதன்முறையாக அம்மாவின் இரண்டு கைகளும் எனக்கே எனக்கு. அவ்வளவு சுகமாக இருந்தது.

துணைக்கு வந்திருந்த சித்திதான் கெடுத்தார். “நடிக்கிறா லா அக்கா,” என்று சிரித்தவர், ஒரு சாக்லெட்டை உயரத் தூக்கி, “யாருக்கு வேணும்?” என்றார். என் வலது கை தலைக்கு மேல் பறந்தது.

அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை.

“இன்னொரு தடவ தூக்குமா,” என்றார் அம்மா.

தூக்கினேன்.

“இன்னொரு தடவ.”

சித்தி சிரிப்பை நிறுத்திவிட்டார்.

தம்பிக்கு இப்போது பதினாறு வயது. கட்டைப் பிரித்துப் பல மாதம் கழித்துத்தான் தோள் மெல்ல அசையத் தொடங்கியது. இன்றும் அந்தக் கை முழுசாக மேலே போகாது. பூப்பந்தில் என்னைத் தோற்கடிக்க அது போதுமானதாக இருக்கிறது.

அன்றைக்கு அதெல்லாம் யாருக்கும் தெரியாது. பொய் சொன்னதற்கு இது புது மாதிரித் தண்டனை என்று நினைத்து, தோள் கடுக்கும்வரை அழுதுகொண்டே தூக்கினேன். என் கையையே பார்த்தபடி அம்மாவும் ஏன் அழுதார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.