என் மிஷினின் பழைய மோட்டார்

எழுபதுகளில் எளாவூரில் லாரித் தார்ப்பாய் தைக்கும் ஷெட்டில் எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் அடுத்தடுத்த மிஷின். எங்களில் அதிகம் தைப்பவளுக்கே நிரந்தர வேலை என்றார் முதலாளி. அந்த வாரமே ஊசி என் விரலில் இறங்கியது.

ஸ்டெல்லாதான் கட்டுப்போட்டாள். "உன் மோட்டாரு பேய் மாதிரி ஓடுதுக்கா. மெதுவா ஓடுறதா மாத்தச் சொல்றேன்" என்றாள். மாற்றினார்கள். ஞாயிறன்று மாதா கோயிலில், அவள் நன்றாயிருக்க வேண்டுமென்று மெழுகுவத்தி ஏற்றினேன்.

மாதக் கடைசியில் வேலை அவளுக்குப் போனது. அவள் தைத்ததில் பாதிகூட நான் தைக்கவில்லை. மெக்கானிக்கிடம் என் பழைய மோட்டார் எங்கே என்று கேட்டேன்.

"இன்னாம்மா, தெரியாத மாதிரி கேக்கற? அது ஸ்டெல்லா மிஷின்ல ஓடிக்கினுகீது. அவளோடதுதான் உன்கிட்ட கீது. ரெண்டு பேரும் பேசிக்கினதா சொன்னாளே!"

விரல் அப்போதே ஆறிவிட்டது. அந்த மெழுகுவத்தியைத்தான் இன்னும் மனசுக்குள் ஊதி ஊதி அணைத்துக்கொண்டிருக்கிறேன்.