கொழும்புக்காரர் சாகடித்த பாடகி

என்னிடம் சோல் இசைத்தட்டுகள் இருநூற்றுப் பதினாறு இருக்கின்றன. பக்கத்துக்கு ஒரு பாட்டு மட்டும் உள்ள சின்னத் தட்டுகள். கறுப்பு அமெரிக்கர்கள் தேவாலயப் பாட்டின் குரலை எடுத்துக் காதலுக்குக் கொடுத்த இசை அது. ஹட்டனில் இதைச் சொன்னால், எனக்கு ஏதோ வியாதி என்பதுபோலப் பார்க்கிறார்கள். கந்தப்பளைப் பக்கத்தில் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாரின் பழைய கிளப் ஒன்றைக் காலி செய்தபோது, தட்டுகளைப் பழைய இரும்போடு சேர்த்து நிறுத்து விற்றார்கள். விற்றவர் பட்டதாரி.

இவர்களையாவது மன்னிக்கலாம். கொழும்பில் ஒரு சேகரிப்பாளர் இருக்கிறார். அங்கே பதிவான ஓர் அபூர்வ சோல் தட்டைப் பற்றி இணையத்தில் அவர் எழுதிய கட்டுரையில் பதினொரு பிழைகள். தட்டில் வாத்தியக் குழுவின் பெயர் மட்டுமே உண்டு, பாடியவள் பெயர் இல்லை. அவள் ஐரோப்பிய வம்சாவளிக் கொழும்புப் பறங்கிப் பெண், அவுஸ்திரேலியா போய்ச் செத்துவிட்டாள் என்று எழுதியிருந்தார். ஆதாரம், யாரோ சொன்னார்களாம். அவர் இணையத்தில் ஏற்றியிருந்த பாட்டைக் கேட்டேன். ஆங்கில வரியின் கடைசிச் சொல்லை அவள் இழுத்து மடக்கும் விதம் எங்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து விதம். அவளைக் கண்டுபிடித்து அந்த மனிதரை ஊரறியத் திருத்துவது என்று முடிவு செய்தேன்.

பாட்டு தானாக எதிரே வந்தது, ஒரு சாவு வீட்டில். ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. என்னோடு படிப்பித்த கிறிஸ்தவர் ஒருவரின் பெட்டியைத் தூக்கும்போது ஸ்பீக்கரில் அதே பாட்டு.

ஸ்பீக்கர்காரரிடம் போனேன். “இது என்ன பாட்டு?”

“வேதக்காரங்க சாவுப் பாட்டுங்க சேர். எங்கப்பா காலத்துலேருந்து இதத்தான் போடுறோம். பெட்டியத் தூக்கையில போட்டா கல்லும் அழுதுரும்.”

அடுத்தவள் புருஷனை விடியும்வரை இருந்துவிட்டுப் போகச் சொல்லும் பாட்டு அது. ஓர்கன் வாசிக்கிறது, நடுவில் ஒரே தடவை ‘லோர்ட்’ என்று ஆண்டவர் வருகிறார். இவர்களுக்கு அது போதும். பாதிரியார்கூடத் தலை கவிழ்ந்து நின்றார். ஆங்கிலம் படித்த மனிதர்.

தட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். “கோயில்ல பாட்டு சொல்லிக்குடுத்த டீச்சரம்மா இருக்காங்கல்ல, செத்துப்போன அவங்க வீட்டுக்காரர்தான் பழைய கிராமபோனோட சேத்து எங்கப்பாகிட்ட வித்தாரு.”

மறுநாளே அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். தேநீரும் மூன்று துண்டுக் கேக்கும் வைத்தார்.

“பாடினது நீங்கள்தானே?”

“நாந்தாங்க. கல்யாணத்துக்கு முந்தி. அதுக்கு இப்ப என்னாங்க?”

கட்டுரையைக் காட்டினேன். வாசித்துவிட்டுச் சிரித்தார். “செத்துட்டேனா? நல்லதாப் போச்சு. அப்படியே இருக்கட்டும்.”

பிழை பிழைதான் என்றேன். ஒரு மடையன் எழுதியது நிலைக்கக் கூடாது என்றேன்.

“சேர், இந்தப் பக்கம் அந்தப் பாட்டுக்கு அழாத வேதக்காரங்க வீடு இல்ல. அம்மாவப் பொதச்சவங்க, புள்ளயப் பொதச்சவங்க. அது இன்ன பாட்டுன்னு நீங்க எழுதிட்டா, அவங்க அழுதத என்னாங்க செய்வாங்க?”

“உங்கள் வீட்டுக்காரருக்கும் அதைத்தான் போட்டார்களா?”

“பின்ன? வித்ததே அவர்தானே. பெட்டியத் தூக்குறாங்க, ஸ்பீக்கர்ல நான் பாடுறேன். முந்தானையால வாயப் பொத்திக்கிட்டேன். அழுவுறேன்னு நெனச்சு ரெண்டு பேரு வந்து புடிச்சுக்கிட்டாங்க.”

எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கும்வரை அவர் என்னை எழுந்திருக்க விடவில்லை. அவர் உயிரோடிருக்கும்வரைதான் என்றேன். ஒத்துக்கொண்டார்.

அதன் பிறகு கொழும்புக்காரரே தொலைபேசியில் அழைத்தார். மலைநாட்டில் ஒரு வாத்தியார் தட்டு சேர்க்கிறார் என்று கேள்விப்பட்டாராம். அந்தப் பாடகியைப் பற்றி எனக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். பரவாயில்லை, அந்த மாதிரிக் குரல் உங்கள் பக்கத்திலிருந்து வந்திருக்காது என்றார், ஆறுதலாக.

அந்த அம்மா போன மாதம் காலமானார். அந்த வாக்கியத்துக்கு இதுதான் என் பதில்.