மாசியிலும் முடியாத சீசன்

ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் சுந்தரபாண்டியன், அறுபது தாண்டியவர்களுக்கு மட்டும் வீடு கொடுக்கும் மேலகரம் குடியிருப்புக்குப் போன ஜூனில் குடிவந்தார். சுரண்டைச் சொந்தக்காரர்களிடம், "குற்றாலம் சீசனுக்கு வந்திருக்கேன்" என்று சொல்லிவைத்தார். பிள்ளைகள் தள்ளிவிட்டதாக ஊர் பேசிவிடுமே என்ற பயம்தான். ஆயுள் முழுக்கப் பொய் வாக்குமூலம் கேட்டவருக்குத் தன் பொய்யை மாற்றத் தோன்றவில்லை. மாசி வெயிலில் அருவிப்பாறை காய்ந்து கிடந்தபோதும் அவருக்குச் சீசன் முடியவில்லை.

அப்போதுதான் மச்சினன் மகாராஜா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். யார் முதியோர் இல்லத்துக்குப் போனாலும் கல்யாணப் பந்தியில் வைத்து நாறடிக்கிறவன். வாசல் பலகையைப் படித்தான். கேரம் ஆடும் கூட்டத்தைப் பார்த்தான். சாப்பாட்டுக் கூடத்தில் மூன்றாவது தோசையை முடித்துவிட்டு, "அத்தான், அருவியில சொட்டுத் தண்ணி இல்லியே," என்றான்.

சுந்தரபாண்டியன் சட்னிக் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினார். "அது வந்து மாப்ளே..."

"இங்கன வேற வீடு காலியா இருக்கா? வீட்டுல நான் டிவி சத்தம் வச்சாலே மருமவ மொறைக்கா."

"அறுபது ஆகணுமே. நீதான் ஒம்பது வருசமா அம்பத்தெட்டுன்னு சொல்லிக்கிட்டு அலையுதியே?"

மகாராஜா மையடித்த மீசையைத் தடவிக்கொண்டே ஆதார் அட்டையை நீட்டினான். அறுபத்தேழு.

"ஊர்ல என்னடே சொல்லுவ?"

"அத்தானுக்குத் துணைக்குப் போறேம்பேன்."

சுரண்டையின் வாயே இங்கே குடிவருகிறது. இனி அங்கே பேச யார் இருக்கிறார்கள்? சுந்தரபாண்டியன் நிம்மதியாக மச்சினனுக்கு நாலாவது தோசைக்குச் சொன்னார்.