மாமனார் கொடுத்த ஜெர்மன் கத்தி

யுத்தம் வந்து ஜெர்மன் சவரக்கத்தி வரத்து நின்றதும், திருத்தணிப் பக்கத்து வீடுகளில் துருப்பிடித்துக் கிடந்த கத்திகளெல்லாம் திடீரென்று ஜெர்மனியில் பிறந்தவை ஆகிவிட்டன. அவற்றின் உண்மையான பிறப்பைச் சொல்லத் தெரிந்தவர், மலையடிவாரத்தில் மொட்டையடிக்கும் எல்லப்பன். பழைய கத்தியின் துருவை நீக்கிக் கல்லில் தீட்டி மறுபடி வேலைக்கு அனுப்புவதிலும் அவர்தான் கெட்டிக்காரர்.

1943 ஆடிக் கிருத்திகையன்று மணவூர் வீராசாமி குழந்தையோடு வந்தார். கல்யாணத்தில் மாமனார் சடகோபன் கொடுத்த ஜெர்மன் கத்தியால்தான் முதல் மொட்டை என்று வேண்டுதல். ஆயுத பூஜைதோறும் புளி போட்டுத் தேய்த்ததில் கத்தியின் முத்திரை அழிந்திருந்தது. பெருமை மட்டும் அழியவில்லை.

எல்லப்பன் தீட்டிப் பார்த்தார். கூர் நிற்கவில்லை. நகத்தால் சுண்டினார். நல்ல எஃகு மணிபோல் ஒலிக்கும். இது தகரம்போல் முனகியது.

"என்னாடா எல்லப்பா, ஜெர்மனிதானே?" என்றார் வீராசாமி. சுற்றிலும் நாற்பது சொந்தக்காரர்கள். சடகோபன் மலையைப் பார்த்து அவசரமாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொன்னால் மாமனாரின் மானம் போகும். பொய் சொன்னால் குழந்தையின் தலை கிழியும்.

"ஆங், ஒசத்தி சரக்கு நைனா. பச்சப்புள்ள தல தாங்காது. இதால ஒரு முடி எடுத்துட்டு, சாமி பாதத்துல வெச்சிடுங்க. மிச்சத்த என் நாட்டுக் கத்தி பாத்துக்கும்."

வீராசாமியின் மார்பு விரிந்தது. "பாத்தீங்களா மாமா, நம்ம கத்தியோட கூர!"

தலையாட்டிய சடகோபன், குழந்தைக்கு மொட்டை முடிந்ததும் தாமே எல்லப்பன் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"எனக்கும் அடிச்சிடுப்பா. உன் கத்தியாலயே."