வேண்டாம் அக்கா

கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார். எந்தப் பத்திரமானாலும் முதல் பக்கத்தில் விற்பவரின் வம்ச வரலாறு வளைத்து வளைத்து எழுதப்பட்டிருக்கும். அதை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். நேராகக் கையெழுத்துகளுக்குப் போய், ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்து நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். "முன்னாடி எழுதினதெல்லாம் எழுதிக் குடுத்தவரோட சாமர்த்தியம் சார். பின்னாடி இருக்கிறதுதான் மனுஷன். இந்தக் கையெழுத்தப் பாருங்க, பாதியில நின்னு மறுபடி போட்டிருக்காரு. ஏன் நின்னாரு?"

வீடு வாங்கப் போகிறவர்களுக்குப் பத்திரம் பார்த்துச் சொல்லும் வக்கீல் அவர். நீதிமன்றப் படியை மிதித்துப் பல வருடங்கள் ஆகின்றன. கறுப்பு அங்கி அலமாரிக்குள் அந்துருண்டை வாசனையோடு தொங்குகிறது. நகல் எடுக்கும் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு மேசை, வருகிறவர்களுக்கு இரண்டு நாற்காலிகள். மூன்றாவதாக வருபவர் நிற்க வேண்டியதுதான். கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேசை லேசாக நடுங்கும். அந்த நடுக்கத்திலேயே உட்கார்ந்து, இந்த வீடு யாரிடமிருந்து யாருக்கு வந்தது, நடுவில் அடமானம் உண்டா, வழக்கு உண்டா, பங்காளி யாராவது விடுபட்டுப் போயிருக்கிறாரா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். பார்த்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பெரும்பாலும் ஒரே வார்த்தைதான் சொல்வார். அதனால் வீட்டுத் தரகர்கள் அவருக்கு வைத்த பெயர் வேண்டாம் அக்கா. அவரைத் தெருவில் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடும் தரகர்களை நானே பார்த்திருக்கிறேன்.

எனக்கும் அவர் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறார். நானும் என் மனைவியும் ஒரு மூலை வீட்டின்மேல் பைத்தியமாக இருந்த சமயம் அது. வாசல் கேட்டுக்குப் போகும் பாதை பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொந்தம் என்று கண்டுபிடித்து, எங்கள் தலையில் கல்லைப் போட்டார். "வாங்கிக்கலாம் சார், தப்பில்ல. கூடவே ஒரு ஹெலிகாப்டரும் வாங்கிடுங்க. உள்ள இறங்கணும்ல?" அடுத்த வருடமே பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பாதையில் சுவர் எழுப்பிவிட்டார். அப்போதும் என் மனைவி, "நாம வாங்கியிருந்தா எழுப்பியிருக்க மாட்டாரு" என்றாள். இன்றுவரை அவள் வக்கீலம்மாவை மன்னிக்கவில்லை. நான் மட்டும் அந்தப் பக்கம் போனால் மாடியேறிப் பேசிவிட்டு வருவேன்.

தொழில் ஆளின் பேச்சிலேயே ஊறிவிடும் என்பதற்கு அவரைவிட நல்ல உதாரணம் கிடையாது. எங்கே இருக்கிறீர்கள் என்று தொலைபேசியில் கேட்டால், "வடக்க மருந்துக் கடை, தெக்க சாக்கடை, கிழக்க ஒரு மாடு படுத்திருக்கு, மேற்க பஸ் ஸ்டாப். நடுவுல நான் நிக்கிறேன்" என்பார். நான்கு எல்லையும் சொல்லாமல் அவரால் ஓரிடத்தில் நிற்கக்கூட முடியாது.

ஆனால் எல்லாவற்றையும்விட விசித்திரம், பத்திரம் பார்க்கும் வீட்டை அவர் நேரில் பார்க்கமாட்டார் என்பது. எவ்வளவு கெஞ்சினாலும் வரமாட்டார். படத்தைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "வீட்டப் பாத்துட்டா கண்ணு கெட்டுப்போயிடும் சார். ஜன்னல் புடிச்சுப்போச்சுன்னா வில்லங்கம் தெரியாது." நல்லபடியாக வாங்கிக் குடிபோனவர்கள் ஆசையாகக் கூப்பிட்டாலும் போவதில்லை. கொஞ்சம் தலைக்கனமோ என்று நினைத்திருந்தேன். அவருடைய கணவர்தான் விஷயத்தைச் சொன்னார். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் சாதுவான மனிதர். "ஒருதடவ போனா சார். வந்து ரெண்டு நாளைக்குப் பேசல. இந்தச் சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தா."

அவர் சொன்ன சுவரை நான் பார்த்திருக்கிறேன். வாடகை வீட்டின் சுவர். ஆணி அடிக்கக் கூடாது என்பது அந்த வீட்டுக்காரர் போட்ட நிபந்தனை. அதற்கு முன்பிருந்த வீட்டிலும் அப்படித்தானாம். அதனால் கல்யாணப் புகைப்படம் ஒரு நாற்காலியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கும். கடிகாரம் அலமாரித் தட்டில் மல்லாந்து கிடக்கும். குனிந்துதான் மணி பார்க்க வேண்டும். "எல்லார் வீட்லயும் நேரம் ஓடும். எங்க வீட்ல படுத்துட்டு இருக்கு" என்பார் கணவர். அவர் சிரிப்பார். வக்கீலம்மா சிரிக்கமாட்டார்.

ஒருநாள் மேசை நடுங்கிக்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலேயே சொன்னார். "எனக்கு ஒரு வீடு வேணும் சார். பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு கதவு. நான் உள்ளருந்து சாத்தினா, யாரும் வந்து தட்டி 'அடுத்த மாசம் காலி பண்ணிக்கிங்க'ன்னு சொல்லாத ஒரு கதவு." அவர்கள் பணம் சேர்க்காமல் இல்லை. வீடு தேடாமலும் இல்லை. எந்த வீட்டுப் பத்திரம் வந்தாலும் அதிலும் ஒரு ஓட்டை இவர் கண்ணில்தான் படும். "ஊருக்கெல்லாம் வேணாம் வேணாம்னு சொன்ன வாய். புருஷன்னு பாத்து சலுகை காட்டுமா?" என்பார் கணவர்.

போன மழைக்காலத்தில், வீட்டை நேரில் பார்ப்பதில்லை என்ற அந்த விரதம் முறிந்தது. ஒரு கட்சிக்காரரிடம் கையெழுத்து வாங்கப் போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தது. இவர் ஓடிப்போய் அங்கே ஒதுங்கினார். காலி வீடு. விற்பதற்காகக் குழாயைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரப் பெரியவர், உள்ளே வாங்க மேடம் என்றார். நுழைந்ததும் பள்ளிக்கூடப் பைகள் மாட்டுவதற்காகச் சுவரில் வரிசையாகச் சில கொக்கிகள். அப்புறம் ஒரே ஒரு பெரிய அறை. அதிலிருந்து ஒரு படி இறங்கினால் சமையலறை, அங்கே தெருவைப் பார்த்த ஜன்னல். அந்தப் படியில் உட்கார்ந்துவிட்டார். "மழ நின்னு ரொம்ப நேரம் ஆயிடுச்சு சார். நான்தான் எழுந்திருக்கல" என்று என்னிடம் சொன்னபோது, அவர் முகத்தில் இருந்த வெட்கத்தை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

வீட்டைப் பார்த்த பிறகு பத்திரத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தலைகீழாக. பத்திரம் சுத்தமாக இருந்தது. அப்பா கட்டிய வீடு. அவரும் அம்மாவும் காலமான பிறகு வாரிசு என்று இரண்டே மகன்கள். இளையவர் தன் பங்கை மூத்தவருக்கு விட்டுக்கொடுத்து முறைப்படி பதிவும் செய்திருக்கிறார். அந்த மூத்தவர்தான் குழாய் பழுது பார்த்த பெரியவர். கடன் கிடையாது, வழக்கு கிடையாது, விலையும் இவர்கள் கைக்கு எட்டுகிற விலை. கணவருக்குத் தலைகால் புரியவில்லை. கடையிலிருந்து வரும் வழியிலேயே ஒரு சுத்தியல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வக்கீலம்மாவுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. கொக்கிகள் மூன்று. எல்லாம் ஒரே அளவு, ஒரே இடைவெளி, சின்னப் பிள்ளைகளின் கை எட்டும் உயரம். "ரெண்டு பசங்களுக்கு எதுக்குங்க மூணு கொக்கி?"

"அவங்கப்பா பை மாட்டியிருப்பாரு" என்றார் கணவர்.

"இடுப்பு உயரத்துலயா?"

"நமக்கு எதுக்கு அது? பத்திரத்துல ரெண்டு பேருதானே இருக்காங்க?"

"வீட்டப் பாக்காம இருந்திருந்தா எனக்கும் ரெண்டு பேருதான். பாத்துத் தொலச்சிட்டேனே."

மறுநாளே போய்ப் பெரியவரிடம் கேட்டார். அவர் குழாயைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி ஒருத்தி இருந்தா" என்றார்.

"இருந்தாங்களா, இருக்காங்களா?"

"இருக்கா."

தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு போன பெண். அப்பா அன்றைக்கே அவளைத் தலைமுழுகிவிட்டார். அவர் போன பிறகு அண்ணன்களும் வாரிசுகளில் அவளைச் சேர்க்கவில்லை. "அவ வந்து கேக்கமாட்டா மேடம். இத்தன வருஷத்துல ஒரு ஃபோன் உண்டா? நீங்களா போய்ச் சொன்னாத்தான் உண்டு" என்றார் பெரியவர். மிரட்டலாக இல்லை, சமாதானமாகத்தான் சொன்னார்.

அவர் சொன்னது உண்மை. இவர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், வீடு கைக்கு வந்துவிடும். வேறு எந்த வக்கீல் பார்த்தாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றுதான் சொல்வார், பத்திரம் அப்படி. இரண்டு வாரம் அலுவலகத்தில் யாருக்கும் அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. நான் போன இரண்டு தடவையும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு ஒருநாள் பேருந்து ஏறி, பக்கத்து நகரத்து மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்த அந்தத் தங்கையைக் கண்டுபிடித்துவிட்டார்.

தங்கை சண்டைக்கு நிற்கவில்லை. கையெழுத்துதானே, போட்டுவிடுகிறேன், எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றாராம். ஒரே ஒரு தடவை வீட்டைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வக்கீலம்மாவுக்கு உயிர் வந்தது. தங்கை தன் உரிமையை விட்டுத்தருவதாக விடுதலைப் பத்திரம் ஒன்று தயார் செய்தார். சாட்சிக் கையெழுத்துப் போட என்னைக் கூப்பிட்டார். கணவருக்குக் கடையில் விடுப்புக் கிடைக்கவில்லை. பெரியவர் சாவியைக் கொடுத்தனுப்பிவிட்டார், தங்கையின் முகத்தில் விழிக்கத் தைரியம் இல்லாமல்.

நாங்கள் இருவரும் பேருந்தில் போனோம். கட்டிலை எந்தச் சுவர் ஓரம் போடுவது, ஜன்னலுக்குத் திரை வேண்டுமா என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். நான்கு எல்லைக்குள் அடங்காத சந்தோஷம்.

விற்கப் போகிற வீடு என்று அன்று காலைதான் வாசல் பக்கச் சுவருக்கு வெளிர்நீலம் அடித்திருந்தார்கள். ஈரம் காயவில்லை. தங்கை எங்களுக்கு முன்பே வந்து தெருவில் நின்றிருந்தார். நரைக்கத் தொடங்கிய தலை. மருத்துவமனை அடையாள அட்டையைக் கழற்றக்கூட மறந்து வந்திருந்தார். கதவைத் திறந்ததும் எங்களைப் பார்க்காமல் உள்ளே போனார். அறையை ஒரு சுற்றுச் சுற்றினார். நேராகச் சமையலறைக்குப் போய் அந்தப் படியில் உட்கார்ந்தார்.

"இங்க உக்கார வச்சுத்தான் அம்மா எனக்குத் தல பின்னுவாங்க" என்றார். "ஜன்னல்ல ஸ்கூல் வேன் வர்றது தெரியும். அண்ணனுங்க கத்துவாங்க. அம்மா அசையமாட்டாங்க. பின்னி முடிச்சாத்தான் விடுவாங்க."

வக்கீலம்மா பத்திரக் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். தங்கையே கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார்.

"குடுங்க மேடம், போட்டுடறேன்." பத்திரத்தை மடியில் வைத்துப் பேனாவைத் திறந்தவர் நிமிர்ந்தார். "நீங்கதானே இங்க இருக்கப்போறீங்க? எப்பவாச்சும் இந்தப் பக்கம் வந்தா... உள்ள வந்து கொஞ்ச நேரம் இப்படி உக்காந்துட்டுப் போலாமா?"

தாராளமா வாங்க என்று நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அதற்கு மேல் தங்கைகூட எதிர்பார்க்கவில்லை. வக்கீலம்மா ஜன்னலைப் பார்த்தார். பிறகு தங்கைக்குப் பக்கத்தில், அந்தப் படியிலேயே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"கையெழுத்துப் போட்டீங்கன்னா, வர்றதுக்கு என்னைக் கேக்கணும்மா. போடலன்னா யாரையும் கேக்கத் தேவையில்ல."

தங்கை அவர் பக்கம் திரும்பினார். "அண்ணன்தான் விக்க முடிவு பண்ணிட்டாரே?"

"நீங்க இல்லாம முழுசா விக்க அவரால முடியாது. மூணுல ஒரு பங்கு உங்களுது. மிச்சத்தையும் நீங்களே கேட்டு வாங்கிக்கலாம், முடிஞ்சா. வேலை பாக்கிறீங்க, கடன் கிடைக்கும். எல்லாம் யோசிச்சு, அப்புறமும் விட்டுக்குடுக்கணும்னு தோணுச்சுன்னா போடுங்க. இப்ப அழுதுட்டே போடாதீங்க."

"அப்ப உங்களுக்கு மேடம்?"

"நான் பத்திரம் பாக்க வந்தவ."

சொல்லிவிட்டுப் பேனாவை வாங்கி மூடினார். பத்திரத்தைக் கோப்புக்குள் வைத்தார். கைப்பையிலிருந்து சாவியை எடுத்துத் தங்கையின் உள்ளங்கையில் வைத்தார்.

"அண்ணன் சாவி எங்கன்னு கேட்டா?"

"வக்கீல் குடுத்தாங்கன்னு சொல்லுங்க."

"எந்த வக்கீல்?"

"உங்க வக்கீல்."

எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. எங்கள் மூலை வீடு கைவிட்டுப் போனபோதுகூட இவ்வளவு வரவில்லை. ஒரு வார்த்தை, சரி என்ற ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் போதும், யாருக்கும் ஒரு குறையும் வந்திருக்காது. அந்தப் பெண்ணும் சந்தோஷமாகத்தான் போயிருப்பார். அதைச் சொல்ல வாயெடுத்துக்கொண்டே அவர் பின்னால் வெளியே வந்தேன். தங்கை உள்ளேயே இருந்தார்.

வாசலைத் தாண்டியதும் வக்கீலம்மா நின்றார். பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல, சுவரில் வலது உள்ளங்கையை அழுத்தி வைத்தார். அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு எடுத்தார். கை முழுக்க வெளிர்நீலம். நான் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, கைக்குட்டையை எடுத்து நீட்டினேன்.

"இருக்கட்டும் சார்" என்றார்.

பேருந்தில் உட்கார இடமில்லை. வண்டி வளைந்து வளைந்து ஓடியது. ஒவ்வொரு திருப்பத்திலும் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தோம். அவர் கோப்பைக் கக்கத்தில் இடுக்கி, இடது கையால் மட்டும் கம்பியைப் பிடித்திருந்தார். வலது கையை எதன்மேலும் பட்டுவிடாமல், விரித்தபடி, முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார்.