பஸ் எங்கே என்று கேட்கிற தராசு அக்கா

எழுதிய நிரல் வரியை ஓடவிட்டதும் தராசு அக்கா இரண்டு கைகளையும் விசைப்பலகையிலிருந்து எடுத்துத் தலைக்குமேல் தூக்கிவிடுகிறார். “அனுப்பியாச்சு. இனி நான் எதையும் தொட மாட்டேன்” என்கிறார். பதில் திரையில் விழும்வரை கை இறங்காது. புதிதாக உள்ளே வருகிறவர்கள், யாரோ துப்பாக்கி காட்டி மிரட்டுகிறார்கள் என்று வாசலிலேயே நின்றுவிடுவதுண்டு.

டயர் கடைக்கு மேல்மாடியில் நாலே நாற்காலி போட்டு இணையப் பக்கங்கள் செய்கிறோம். படம் போடுவது நான். நிரல் எழுதுவது அவர். எதை எடுத்தாலும் எடை கேட்பதால் தராசு அக்கா. ஆசை ஆசையாய் ஒரு பட்டாம்பூச்சி வரைந்து காட்டினால், “அழகா இருக்குடா தம்பி. எத்தனை கேபி?” என்று படத்தின் கிலோபைட் எடையைக் கேட்பார். சொன்ன மறுநிமிஷம் பட்டாம்பூச்சி காலி.

போன வாரம் அவர் கண் எங்கள் பழைய லைப்ரரிமேல், அதாவது யாரோ எழுதிவைத்த ஆயத்த நிரல்மேல், விழுந்தது. ஒரு பள்ளிக்கூடத்துக்குச் செய்யும் பக்கத்தில், பஸ் எங்கே வருகிறது என்று சர்வர் கம்ப்யூட்டரிடம் கேட்டுச் சொல்வதற்காக வைத்திருந்தது. ஐம்பது கேபி. “ஒரு லெட்டர் கொண்டுபோக லாரியா?” என்று அதைக் கடாசிவிட்டு, இரண்டே கேபியில் ஒன்றைப் பிடித்து வந்தார். முதலாளி தலையில் கைவைத்தார். “அம்மா தாயே, புதன்கிழமை ஹெட்மிஸ்ட்ரஸ் பார்க்க வராங்க. ஓடலைன்னா ஆர்டர் போச்சு, நாலு பேரும் கடையைக் கட்டணும். ஓடுற வண்டியை இப்பப் போய்ப் பிரிக்கறீங்களே!”

“எங்க ஓடுச்சு? ஊர்ந்துச்சு!”

இந்தத் தொழிலில் சர்வரிடம் கேட்டவுடன் பதில் வராது. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன் என்ற வாக்குறுதிதான் முதலில் கைக்கு வரும். கிடைத்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய் என்று முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். அக்கா எப்போதும் கிடைக்காததற்குத்தான் முதலில் எழுதுவார். கணவரைக் கடைக்கு அனுப்புவதும் அப்படியே. அவர் போனில் சொல்வதைத் தினமும் கேட்கிறேன்: “தக்காளி இருந்தா வாங்குங்க. இல்லைன்னா எனக்குச் சொல்லுங்க. நீங்களா யோசிச்சுப் பூசணிக்காயோட வந்து நிக்காதீங்க.”

புதன்கிழமை பள்ளி விட்டதும் தலைமையாசிரியை வந்தார். முதலாளி நீட்டிய பளபளப்பான போனை ஒதுக்கிவிட்டு, கைப்பையிலிருந்து விரிசல் விட்ட தன் போனை எடுத்தார். “எங்க பசங்களோட அம்மாக்கள்கிட்ட இந்த மாதிரிதான் இருக்கு” என்றார். சிக்னல் ஒரே ஒரு கோடு.

பக்கம் பட்டென்று திறந்தது. பஸ்ஸைக் காணோம். ‘மறுபடி கேட்கிறேன்’ என்று பக்கமே சொன்னது. அப்போதும் காணோம். முதலாளி கூரையைப் பார்த்தார்.

“மூணு தடவை கேக்கச் சொல்லியிருக்கேன் மேடம்” என்றார் அக்கா. குரல் கீச்சென்று வந்தது.

மூன்றாவது தடவை, திரையில் ஒரு மஞ்சள் புள்ளி விழுந்தது. எங்கள் தெருமுனையிலேயே!

“அட, நம்ம ஏழாம் நம்பர் பஸ்! திங்கட்கிழமையே எல்லா அம்மாக்களுக்கும் குடுத்துடலாம்” என்றார் தலைமையாசிரியை. அவர் சொல்லி முடிப்பதற்குள் அக்கா அவர் கையைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். மரியாதையெல்லாம் மறந்துபோயிற்று. கீழே மெய்யாகவே மஞ்சள் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது.

“அண்ணே! ஏழாம் நம்பர் அண்ணே!”

ஓட்டுநர் அண்ணாந்து பார்த்தார். ஒன்றும் புரியவில்லை, ஜன்னலில் அக்கா பக்கத்தில் தலைமையாசிரியை வேறு. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சல்யூட் வைத்தார். அக்கா செருப்புக் காலை டக்கென்று சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, பஸ் கண்ணுக்கு மறையும்வரை பதில் சல்யூட் வைத்துக்கொண்டே நின்றார்.